152ஆம் இடத்துச் செரின்

மனிதக் கணையம் சுரக்கும் லிப்பேஸ் என்ற நொதியில் 449 அமினோ அமிலங்கள் ஒரே சங்கிலியாகக் கோத்திருக்கின்றன. அவற்றில் 152ஆவது ஒரு செரின். மசால் வடையோடு வயிற்றுக்குள் போன எண்ணெயைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும் அளவுக்கு வெட்டிக் கொடுப்பது இந்த ஒரு செரின்தான். மற்ற 448ம் அதைத் தாங்கிப் பிடிக்கவும், நேரம் வரும்வரை மறைத்து வைக்கவும், வந்ததும் வழிவிடவும் இருப்பவை. புரதங்களுக்கென்று வகுத்த விதியைப் பார்த்தால், அந்தச் செரின் உட்கார்ந்திருக்கும் கோணத்தில் எந்தச் செரினும் உட்காரக் கூடாது.

அந்த விதி வகுக்கப்பட்டது நம் சென்னையில். 1963ஆம் ஆண்டு 'ஜர்னல் ஆஃப் மாலிக்யுலர் பயாலஜி' இதழில் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும் எழுதிய கட்டுரை ஐந்தே பக்கம். ஏ.லட்சுமணசாமி முதலியார் துணைவேந்தராக இருந்தபோது, 1952இல், முப்பதை ஒட்டிய வயதில் ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே, தோலுக்கும் எலும்புக்கும் உரம் கொடுக்கும் கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய புரி என்று கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து காட்டினார். அந்தப் புரியில் அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம், எங்கே இடிக்கும் என்ற கேள்வியிலிருந்து கிளைத்ததுதான் 1963ஆம் ஆண்டுப் படம். உலகில் எந்தப் புரதத்தின் வடிவம் வெளியானாலும் அது இந்தப் படத்தின் முன்னால் நின்று கணக்குச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

படம் சொல்வது இதுதான். புரதச் சங்கிலியின் முதுகில் நைட்ரஜன், நடுக் கார்பன், கார்பனைல் கார்பன் என்று ஒரே வரிசை திரும்பத் திரும்ப வரும். கார்பனைலுக்கும் அடுத்த நைட்ரஜனுக்கும் இடையில் உள்ள பிணைப்பு தட்டையாக விறைத்து நிற்கும், திருகாது. திருகக் கூடியவை நடுக் கார்பனுக்கு இரு புறமும் உள்ள இரண்டு பிணைப்புகள். ஒன்றின் திருகலுக்குப் பை என்று பெயர், மற்றதன் திருகலுக்குச் சை. ஒரு புரதத்தின் மடிப்பு எவ்வளவு சிக்கலாகத் தெரிந்தாலும் அதன் முதுகை விவரிக்க, ஓர் அமினோ அமிலத்துக்கு இரண்டு கோணம் என்ற கணக்கு ஏறக்குறையப் போதும். பையைக் கிடை அச்சிலும் சையை நெடு அச்சிலும் வைத்து, அணுக்கள் ஒன்றோடொன்று மோதாத கோணங்களை மட்டும் நிழலிட்டார்கள். இடப்புறம் மேலே ஒரு திட்டு, இடப்புறம் கீழே ஒரு திட்டு, வலப்புறம் சின்னதாக இன்னொன்று. மிச்சமெல்லாம் வெற்றிடம், அங்கே யாரும் போக முடியாது. கிளைசினுக்குப் பக்கக் கிளை ஒற்றை ஹைட்ரஜன் மட்டும் என்பதால் அதற்கு மட்டும் சலுகை கொஞ்சம் அதிகம்.

இந்தப் படம் வெளிவந்தபோது அணு அணுவாகத் தெளிந்திருந்த புரதம் மயோகுளோபின் ஒன்றுதான். ஆயிரக்கணக்கான புரதங்களைப் பார்த்துவிட்டு எழுதிய பொதுமை அன்று இது. சிறு மூலக்கூறுகளின் படிகங்களிலிருந்து, எந்த இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கும் என்ற தூரங்களை எடுத்துக்கொண்டு, இடிக்குமா இடிக்காதா என்ற ஒரே கேள்வியை எல்லாக் கோணங்களிலும் கேட்டிருக்கிறார்கள். பின்னால் வந்த புரதங்களின் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த நிழல்களுக்குள் போய் விழுந்தன. அறிவியலில் இவ்வளவு சிக்கனமான, இவ்வளவு துணிச்சலான ஐந்து பக்கங்கள் அதிகம் இல்லை என்பது என் கருத்து.

இப்போது நம் செரின். லிப்பேஸ் சார்ந்த நொதிக் குடும்பத்தில் வேலை செய்யும் செரினுக்குப் பை ஏறத்தாழ 60 பாகை, சை ஏறத்தாழ மைனஸ் 120 பாகை. படத்தில் அது வலப்புறம், கீழே. கிளைசினாக இருந்தால் ஒப்புக்கொள்ளலாம், செரினுக்கு அங்கே இடமில்லை.

இப்படி எல்லைக்கு வெளியே நிற்பவற்றைப் பிடிப்பதுதான் என் பிழைப்பும். ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் எனக்கு வேலை. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் வட்டாரம் இது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியதிலிருந்து, கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, செல்பேசி என்று இந்தப் பாதை நெடுக ஏதாவது ஒன்றை அளந்துகொண்டே இருக்கிறார்கள். பாகங்களை முப்பரிமாணத்தில் தொட்டு அளக்கும் இயந்திரம் இருக்கும் எங்கள் சி.எம்.எம். ரூமில் எப்போதும் 20 டிகிரி. பிரஸ்ஸிலிருந்து சூடாக வரும் பீஸை உடனே அளக்க மாட்டோம். அறையின் குளிருக்கு அது பழகும்வரை கிரானைட் மேடையில் காத்திருக்கும். பிறகு மாணிக்க முனை வைத்த புரோப் இறங்கி வந்து, தொட்டதும் தொடாததுமாக விலகி, அடுத்த இடத்துக்குப் போகும். ரிப்போர்ட்டில் டாலரன்ஸுக்குள் இருப்பவை பச்சை, வெளியே போனவை சிவப்பு. சிவப்பு வந்தால் ரீவொர்க், அதற்கும் வழியில்லை என்றால் ரிஜெக்ட்.

டிப்ளமோ முடித்து டிரெய்னியாக வந்த தம்பி ஒருவனுக்கு ஒருநாள் இந்த லிப்பேஸின் ராமச்சந்திரன் படத்தைச் செல்பேசியில் காட்டினேன். பச்சை நிழல்களுக்குள் புள்ளிகள் மொய்த்திருக்க, வலக்கீழ் வெளியில் ஒன்று தனியாக நின்றது.

"அண்ணே, இது ரெட்ல இருக்கே. ரீவொர்க்கா, ரிஜெக்ட்டா?"

"ரெண்டும் இல்லப்பா. இந்த பீஸ்ல வேலை செய்யறதே அந்தப் பாயின்ட்தான்."

அவன் போனை வாங்கி அந்தப் புள்ளியைத் தொட்டுப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவனுக்கு வந்த ஐயம் தொழில் தெரிந்த எவருக்கும் வரும். வடிவத்தைக் கட்டியவர் எங்கோ தடுமாறியிருப்பார் என்றுதான், இப்படி ஒரு புள்ளி தனியே நின்றால், படிகவியலாளரும் முதலில் நினைப்பார். எக்ஸ் கதிர் தருவது அணுக்களின் நிழற்படம் அன்று. படிகத்தில் பட்டுச் சிதறிய புள்ளிகளின் அடர்வைக் கணக்குப் போட்டு, எலெக்ட்ரான்கள் எங்கே திரண்டிருக்கின்றன என்று ஒரு மேகம் வரைகிறார்கள். அந்த மேகத்துக்குள் சங்கிலியை இழைத்துக் கொண்டுபோவது ஆளின் வேலை, ஆளுக்குக் கை தவறும். ஆகவே, விலக்கப்பட்ட இடத்தில் ஒரு புள்ளி நின்றால், மேகம் அந்த இடத்தில் எவ்வளவு தெளிவு என்று திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். இந்தக் குடும்பத்தில் மேகம் தெளிவாகவே இருக்கிறது. ஒரு லிப்பேஸில் மட்டும் அல்ல, உறவுமுறை நொதிகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பார்த்தாலும் வெட்டும் இடத்து அமினோ அமிலம் அதே விலக்கிடத்தில்தான் நிற்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பரிணாமம் அந்தப் புள்ளியைப் பச்சைக்குள் தள்ளவில்லை.

மனிதக் கணைய லிப்பேஸின் வடிவம் 1990இல் 'நேச்சர்' இதழில் வந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தில் இருந்த விங்க்ளர், டி'ஆர்சி, ஹன்சிகர் மூவரின் வேலை. தெளிவு 2.3 ஆங்ஸ்ட்ராம். நாங்கள் பெருமையாகப் பேசும் ஒரு மைக்ரானுக்குள் 10,000 ஆங்ஸ்ட்ராம் அடங்கும். கார்பனும் கார்பனும் கைகோக்கும் தூரம் ஒன்றரை ஆங்ஸ்ட்ராம்தான். அந்த அளவில் பார்த்தால் லிப்பேஸ் இரண்டு பாகமாகத் தெரிகிறது. 336ஆம் இடம் வரை பெரிய பாகம். நடுவே இழைகள் அடுக்கிய ஒரு தகடு, அதன் இரு முகங்களிலும் சுருள்கள். எஞ்சியது, இரண்டு தகடுகள் முகத்தோடு முகம் ஒட்டிய சிறிய பாகம். செரின் பெரிய பாகத்தில், தகட்டின் ஒரு விளிம்பில் இருக்கிறது. பக்கத்தில் 263ஆம் இடத்து ஹிஸ்டிடின், அதற்கு அப்பால் 176ஆம் இடத்து ஆஸ்பார்டிக் அமிலம். இந்த மூன்றும் கூடியதுதான் வெட்டும் கருவி.

ஆனால் 1990ஆம் ஆண்டுப் படிகத்தில் கருவி மூடிக் கிடந்தது. 237க்கும் 261க்கும் இடையிலான வளைவு ஒன்று செரினின் மேல் கவிந்து, தண்ணீர்கூட உள்ளே போக முடியாதபடி அடைத்திருந்தது. அந்த இரண்டு முனைகளிலும் சிஸ்டீன்கள். இரண்டும் கந்தகப் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வளைவின் அடியை இறுக்கியிருக்கின்றன. இதை ஆய்வாளர்கள் மூடி என்றே அழைக்கிறார்கள். செரிப்பதற்கென்றே பிறந்த நொதி தன் வெட்டுமுனையை மூடி வைத்திருப்பானேன்?

இதற்கு விடை எண்ணெயின் குணத்தில் இருக்கிறது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், பாமாயில், நெய், எதுவானாலும் உள்ளே பெரும்பகுதி டிரைகிளிசரைடு. ஒரு கிளிசரால், அதில் மூன்று கொழுப்பு அமிலக் கைகள், கை ஒவ்வொன்றும் பெரும்பாலும் 16 அல்லது 18 கார்பன் நீளம். இந்தப் பொருள் தண்ணீரில் கரையாது, குடலோ தண்ணீர் மயம். நொதியும் தண்ணீரில் மிதப்பது. ஆகவே இருவரும் சந்திக்க ஓர் இடம்தான் உண்டு. எண்ணெய்த் துளியும் நீரும் தொடும் விளிம்பு அது. லிப்பேஸ் வெட்டுவது ஓர அமிலங்கள் இரண்டை. நடுக்கையோடு மிஞ்சும் துண்டும், அறுபட்ட இரண்டு அமிலங்களும் பித்த உப்போடு கலந்து குடல் சுவருக்குள் போய்விடும். அதுவரை அந்த எண்ணெய் உடம்புக்கு உள்ளே இருந்தும் உடம்புக்குச் சேராதது.

பிரான்சின் மார்செய் நகரில் சார்தா, டெனுவெல் என்ற இருவர் 1958இலேயே இந்த விளிம்பின் மகிமையைக் கண்டுவிட்டார்கள். கொழுப்பில் இருக்கும் அதே வகைப் பிணைப்பு கொண்ட, ஆனால் நீரில் ஓரளவு கரையும் எஸ்டரை லிப்பேஸுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கரைந்திருக்கும்வரை நொதி ஏறக்குறையச் சும்மா இருந்தது. மேற்கொண்டு கரைய இடமில்லாமல் எஸ்டர் துளிகளாகத் திரண்ட கணத்திலிருந்து வேகம் சட்டென்று ஏறியது. அதே பொருள், அதே நொதி, புதிதாக வந்தது விளிம்பு ஒன்றுதான். ஏன் என்ற கேள்வி அதற்குப் பிறகு முப்பது ஆண்டுக்கும் மேல் ஆய்வகங்களில் சுற்றியது. 1990இல் மூடி தெரிந்ததும், விளிம்பில்தான் இது திறக்கும் போல என்று விங்க்ளர் குழு எழுதியது. திறந்ததைப் பார்க்க அதே மார்செய் நகரம் மூன்றாண்டு எடுத்துக்கொண்டது.

வான் டில்பர்க், எக்லோஃப், கம்பியோ, வெர்ஷே ஆகியோர் அடங்கிய மார்செய் குழு 1992இல் முதலில் லிப்பேஸையும் அதன் துணைப் புரதமான கோலிப்பேஸையும் சேர்த்துப் படிகமாக்கியது. மூடி மூடியே இருந்தது. 1993இல், பித்த உப்பும் பாஸ்போலிப்பிடும் கலந்த நுண்திவலைகளின் நடுவே படிகம் வளர்த்தார்கள். குடலில் இருக்கும் சூழலை அப்படியே கொண்டுவர முடியாவிட்டாலும் அதன் சாயலைக் கொண்டுவந்தார்கள். மூடி திறந்துவிட்டது. சற்று ஒதுங்கியது என்று இதைச் சொல்லிவிட முடியாது. அதன் ஒரு பகுதி ஏறத்தாழ 29 ஆங்ஸ்ட்ராம் பெயர்ந்து போயிருந்தது. அணு உலகில் இது நெடும் பயணம்.

நான் திரும்பத் திரும்பப் பார்த்து ரசிப்பது மூடி திறப்பதை அல்ல, திறந்ததும் உள்ளே என்ன நடக்கிறது என்பதை. செரினின் ஆக்சிஜன் கொழுப்பின் கார்பனைல் கார்பனைத் தாக்கும்போது, கார்பனைலின் ஆக்சிஜன் மேல் ஓர் எதிர் மின்சுமை வந்து உட்காரும். அந்தச் சுமையை உடனே யாராவது ஏந்திக்கொள்ளாவிட்டால் வெட்டு நடக்காது. ஏந்துவதற்கு இரண்டு நைட்ரஜன்-ஹைட்ரஜன் கைகள் வேண்டும். ஒன்று செரினுக்கு அடுத்து, 153இல் இருக்கும் லூசினின் முதுகில் இருக்கிறது. மற்றது 77ஆம் இடத்துப் பினைலாலனினின் முதுகில். மூடிய நிலையில் இந்த 77 சரியான இடத்தில் இல்லை. அது இருக்கும் சின்ன வளைவு, 76 முதல் 85 வரை, மூடியோடு ஒட்டிக் கிடக்கிறது. மூடி போனால்தான் அந்த வளைவும் பின்னால் மடிந்து, 77இன் கை வந்து வேண்டிய இடத்தில் நிற்கும்.

அதாவது, மூடிய லிப்பேஸ் உறையில் போட்டு வைத்த முழுக் கருவி அன்று. கருவியே பாதிதான் இருக்கிறது. மிச்சப் பாதி, எண்ணெயைக் கண்ட பிறகு, எண்ணெயின் முன்னிலையில் முடிகிறது. மூடி ஒன்று போதும், திறந்தால் வேலை என்று விட்டிருந்தாலும் நடந்திருக்கும். அப்படி விடவில்லை. திறப்பும் முடிப்பும் ஒரே அசைவில் கட்டுண்டு கிடக்கின்றன. திறக்காமல் கருவி முடியாது, முடியாமல் வெட்டு இல்லை. தன்னைச் சுரக்கும் கணையத்தில் நிறைய எஸ்டர்கள் இருந்தும் இந்த நொதி அங்கே கைவைக்காமல் வருகிறது என்றால், இந்தக் கட்டுக்கு அதில் ஒரு பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு நயமும் அந்த மூடியில் உண்டு. மூடியின் உள்முகம் முழுவதும் தண்ணீரை வெறுக்கும் அமினோ அமிலங்கள். மூடியிருக்கும்போது அவை நொதியின் உடம்புக்குள் பதுங்கியிருப்பதால் நீரில் மிதக்கத் தடையில்லை. திறந்ததும் அதே முகம் வெளியே புரண்டு எண்ணெயைப் பார்க்கிறது. அவ்வளவு நேரம் செரினை மறைத்த பரப்பே இப்போது நொதியை எண்ணெய் விளிம்பில் ஒட்டவைக்கும் பரப்பு. கோலிப்பேஸின் விரல் நுனிகளும் இதோடு சேர, 50 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் நீண்ட, எண்ணெயை நாடும் ஒரு மேடை உருவாகிறது. நாற்பத்து ஐந்தாயிரம் ரூபாய் பார்ட்டில் ஒரு முகத்தை இரண்டு வேலைக்குப் பயன்படுத்திய டிசைனரை நாங்கள் மேலதிகாரியிடம் அழைத்துப் போய்க் காட்டுவோம். இங்கே அது சில நூறு அணுக்களில் நடந்திருக்கிறது.

கோலிப்பேஸ் எதற்கு என்றால், பித்த உப்புக்காக. கல்லீரல் அனுப்பும் பித்த உப்பு எண்ணெயைச் சிறு சிறு துளிகளாக உடைத்து விளிம்பைப் பெருக்கித் தருகிறது. அதே உப்பு அந்த விளிம்பையெல்லாம் மூடிக்கொண்டு லிப்பேஸை ஒட்டவிடாமலும் செய்கிறது. சின்னஞ்சிறு கோலிப்பேஸ், ஐந்து கந்தகப் பிணைப்புகளால் இறுக்கிக் கட்டியது, லிப்பேஸின் சிறிய பாகத்தில் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் எண்ணெயில் ஊன்றி நிற்கிறது. மூடி திறந்தால் அதற்கும் ஒரு பிடி கொடுக்கிறது. மார்செய் குழுவின் படிகங்களில் லிப்பேஸ் மனிதனுடையது, கோலிப்பேஸ் பன்றியுடையது. இரண்டும் எந்த மனத்தடையும் இல்லாமல் பொருந்திப் போயின.

மூடியும் மேடையும் எவ்வளவு அழகாக இருந்தாலும் என் கண் திரும்பத் திரும்ப 152இல்தான் போய் நிற்கிறது. அதன் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். 150 கிளைசின், 151 ஹிஸ்டிடின், 152 செரின், 153 லூசின், 154 கிளைசின். இரண்டு புறமும் ஒன்று விட்டு ஒன்றில் கிளைசின். இந்த வரிசை லிப்பேஸ்களில் மறுபடி மறுபடி வரும். தகட்டின் ஓர் இழை மேலேறி வந்து, செரினில் சட்டென்று மடங்கி, உடனே சுருளாகக் கீழிறங்குகிறது. இந்தத் திருப்பத்துக்கு முழங்கை என்று பெயரிட்டிருக்கிறார்கள். திருப்பம் அவ்வளவு குறுகலானது என்பதால் ஏறும் இழையும் இறங்கும் சுருளும் ஒன்றையொன்று உரசும் அளவுக்கு நெருங்குகின்றன. அந்த நெருக்கத்தில் பக்கக் கிளை உள்ள எந்த அமிலம் இருந்தாலும் இடிக்கும். அதனால்தான் 150இலும் 154இலும் கிளைசின். தாங்கள் சிறுத்து நின்று, நடுவில் இருப்பவருக்கு இடம் விடுகின்றன.

முழங்கையின் உச்சியில் இருக்கும் செரினுக்கு அந்தச் சலுகை இல்லை. அதன் ஆக்சிஜன் தகட்டைத் தாண்டித் துருத்தி நிற்க வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து கொழுப்பு நெருங்க வழி வேண்டும், இன்னொரு பக்கத்திலிருந்து ஹிஸ்டிடின் எட்ட வழி வேண்டும். பக்கத்திலேயே லூசினின் கை மின்சுமையை ஏந்தத் தயாராக நிற்க வேண்டும். இத்தனையும் ஒருங்கே கிடைக்கும் கோணம் ராமச்சந்திரன் படத்தில் பச்சைக்குள் இல்லை. ஆகவே செரின் சிவப்பில் நிற்கிறது. அங்கே நிற்பதற்கு ஆகும் சிரமத்தைச் சுற்றியிருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளும், கீழே இறங்கும் சுருளும், தகட்டின் மொத்த உறுதியும் பகிர்ந்து சுமக்கின்றன. விதியை மீறியதால் இது பிழையான வடிவம் ஆகிவிடவில்லை. விதி எவ்வளவு கடுமையானது என்று தெரிந்தால்தான், ஒரு நொதி இந்த ஒரு புறனடைக்காக எவ்வளவு செலவிட்டிருக்கிறது என்பதும் தெரியும். சென்னையில் போட்ட அந்தப் படம் இல்லாதிருந்தால் 152ஆம் செரினை நாம் சாதாரணமாகக் கடந்து போயிருப்போம்.

செரின், ஹிஸ்டிடின், ஆஸ்பார்டிக் அமிலம் என்ற மூவர் கூட்டணி புரதங்களை வெட்டும் கைமோட்ரிப்சினிலும் உண்டு. வேதியியல் ஒன்றே, மடிப்பு வேறு, உறவும் கிடையாது. லிப்பேஸில் அந்த மூன்றின் கைப்பக்கம் கைமோட்ரிப்சினில் இருப்பதற்கு நேர் எதிர். தனித்தனியாகக் கிளம்பி ஒரே தீர்வுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன, ஒன்று வலமாக, ஒன்று இடமாக. ஆஸ்பார்டிக் அமிலத்திலும் ஒரு சேதி இருக்கிறது. லிப்பேஸின் மடிப்பையே கொண்ட வேறு நொதிகளில் அந்த அமில வேலைக்காரர் தகட்டின் 7ஆம் இழைக்குப் பின்னால் இருப்பார். கணைய லிப்பேஸில் 6ஆம் இழைக்குப் பின்னால் இருக்கிறார். இது இடம் பெயரும் பயணத்தின் நடுவழியோ என்று ஷ்ராக், விங்க்ளர், சிக்லர் மூவரும் 1992இல் கேட்டு எழுதினார்கள். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருக்கிறது. செரினையும் ஹிஸ்டிடினையும் அசைக்கத் துணியாத பரிணாமம், மூன்றாமவரை மட்டும் இடம் மாற்றிப் பார்த்திருக்கிறது.

மருந்துக்கடையில் கிடைக்கும் ஆர்லிஸ்டாட் என்ற உடல் எடைக் குறைப்பு மாத்திரை குறிவைப்பதும் இதே செரினைத்தான். ஸ்ட்ரெப்டோமைசிஸ் குடும்ப நுண்ணுயிர் ஒன்று சுரக்கும் லிப்ஸ்டாட்டினிலிருந்து வந்த பொருள் அது. வெட்ட வந்த செரினின் ஆக்சிஜனோடு அது தன் நாற்கோண வளையத்தைத் திறந்து ஒட்டிக்கொள்கிறது. 1991இல் இதைக் காட்டியதும் ரோஷ் நிறுவனத்து ஆட்கள்தான். வழக்கமான அளவில் எடுத்துக்கொண்டால் உண்ட கொழுப்பில் மூன்றில் ஒரு பங்கு வெட்டுப்படாமல் போய்விடும்.

இரத்தத்தில் ஓடும் கொழுப்பை வெட்டுவதற்குத் தனியே ஒரு லிப்பேஸ் உண்டு. லைப்போபுரோட்டீன் லிப்பேஸ், கணைய லிப்பேஸின் நெருங்கிய உறவு. மாஸ்டர் செக்கப்பில் டிரைகிளிசரைடு கூடுதல் என்று வந்தால் அதன் பின்னணியில் இந்த நொதிக்கும் ஒரு பங்கு இருக்கும். 1990இலேயே விங்க்ளர் குழு இதற்கும் மூடி இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டது. ஆனால் எளிதில் குலைந்துபோகும் பொருள் என்பதால் படிகத்துக்குள் வரவே மறுத்தது. இரத்தக் குழாய்ச் சுவருக்கு அதைக் கொண்டுசென்று சேர்க்கும் துணைப் புரதம் ஒன்றோடு இணைத்தபோதுதான் நிலைகொண்டது, அது 2019இல். அந்தக் கட்டுரையில், பொறுப்பாசிரியருக்குரிய கடைசி இடத்தில் இருக்கும் பெயர் முத்துராமன் மெய்யப்பன்.

இதையெல்லாம் பார்க்க ஆய்வகம் வேண்டாம். உலகத்துப் புரத வடிவங்கள் எல்லாம் சேரும் பொதுக் களஞ்சியம் பி.டி.பி., இணையத்தில் எவருக்கும் இலவசம். ஒரு சாதாரணச் செல்பேசியே போதும். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் ஸ்ரீபெரும்புதூர் ஏரி வருவதற்குள் ஒரு வடிவத்தை நிதானமாகச் சுழற்றிப் பார்த்துவிடலாம். 1என்8எஸ் (1N8S) என்ற எண்ணில் மூடிய லிப்பேஸ் இருக்கிறது. 1எல்பிபி (1LPB) என்ற எண்ணில் திறந்தது, 2.46 ஆங்ஸ்ட்ராம் தெளிவில். இந்த இரண்டாவதில் 11 கார்பன் நீளமுள்ள பாஸ்போனேட் ஒன்று செரினோடு ஒட்டிப் பள்ளத்தில் படுத்திருக்கும். வெட்டின் நடுக்கணம் எப்படி இருக்குமோ அதன் பிரதி அது. முதலில் முழு வடிவத்தையும் நாடாவாகப் போட்டுக்கொண்டு இரண்டு பாகங்களையும் அடையாளம் காணுங்கள். பிறகு 237 முதல் 261 வரை ஒரு நிறம், 76 முதல் 85 வரை வேறு நிறம். கடைசியாக 152, 153, 77 மூன்றையும் மட்டும் குச்சிகளாகக் காட்டச் சொல்லி, 152இன் பக்க ஆக்சிஜனிலிருந்து 77இன் முதுகு நைட்ரஜன் எவ்வளவு தூரம் என்று முதலில் மூடிய கோப்பிலும் பிறகு திறந்த கோப்பிலும் அளந்து பாருங்கள். அளக்கும் கருவி அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது.